பழமரத் தோட்டத்தில் இரவு ஒலி–ஒளி நடை: ஓசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க வழி சொல்லுங்கள்

மலைச்சாரல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் மலைச்சரிவில் இருக்கும் ஒரு தனியார் தோட்டத்தில், வரும் பிப்ரவரி மாதம் பத்து இரவுகளுக்கு ஒலி–ஒளிக் கலைநடை ஒன்றை நடத்த நண்பர்கள் ஆறு பேர் முயன்றுகொண்டிருக்கிறோம். நுழைவாயிலிலிருந்து ஓடைவரை ஏறக்குறைய 400 மீட்டர் மண்பாதை. முதல் பாதியில் வெட்டாமல் விடப்பட்ட பழைய ரப்பர் மரங்கள், மறுபாதியில் டுரியானும் ஜாதிக்காயும். இருட்டிய பிறகு இருபது இருபது பேராக நடந்து வருவார்கள். வழியில் ஐந்து இடங்களில் ஒலியும் விளக்கும் இருக்கும்.

கருப்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. பிற ஊர்களில் தோட்டம் என்றால் பூவும் புல்வெளியும் நினைவுக்கு வரலாம், இந்த நாட்டில் நம்மவர்களிடம் "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால், பாட்டன் பூட்டன் வேலை செய்த எஸ்டேட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்த இரண்டு பொருளையும் ஒரே பாதையில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆகவே விடியலுக்கு முன் தொழிலாளர்களை ஆள்கணக்கெடுக்கக் கூப்பிடும் பெரட்டு மணி, கத்தி ரப்பர் மரப் பட்டையைச் சீவி இறங்கும் சத்தம், மரத்தில் மாட்டிய கிண்ணமான மங்கில் பால் சொட்டும் ஓசை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துத் தாலாட்டு, கடைசியில் கோயில் திருவிழாத் தப்பு மேளம் என்று ஐந்து இடங்களுக்கு ஐந்து ஓசைகளை முடிவு செய்தோம். தாலாட்டை எங்கள் நண்பர் ஒருவரின் பாட்டியே பாடித் தந்திருக்கிறார்.

சிக்கல் இதுதான். கடந்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒலிபெருக்கிகளை வைத்துப் பார்த்தபோது ஒவ்வோர் இடமும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்டது. அதே அமைப்பை, எதையும் மாற்றாமல், இரவு ஒன்பது மணிக்கு இயக்கியபோது ஐந்தாம் இடத்துத் தப்பு மூன்றாம் இடத்திலேயே வந்து இடித்தது. தாலாட்டு அடியோடு அமுங்கிவிட்டது. அதைக் கூட்டினோம், அது போய்க் கத்தியின் சத்தத்தை மூழ்கடித்தது, அதையும் கூட்டினோம். கடைசியில் கீழே உள்ள கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) ஒருவர் மோட்டார் சைக்கிளில் மேலே ஏறி வந்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பகலில் சரியாக இருந்தது இரவில் ஏன் கெட்டது, ஓசைகளைப் பிரித்து வைக்க என்ன செய்யலாம் என்பது முதல் கேள்வி. மின்சாரத்தையும் மழையையும் குறித்து நாங்கள் அறவே அனுபவமில்லாதவர்கள் என்பதால், அதிலும் யாராவது வழிகாட்டினால் நன்றியுடையவர்களாக இருப்போம். பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததே மழை குறைவு என்பதற்காகத்தான். விளக்கைப் பொறுத்தவரை, மரங்களின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பலவண்ணக் குவியொளி விளக்குகளைப் பாய்ச்ச எண்ணியிருக்கிறோம். அதில் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்.


குழாய்ஒலி எழுதியது:

வணக்கம் அம்மா. கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. எங்கள் தொழிலில் "கேட்கவில்லை" என்ற புகார்தான் சோற்றில் மண் போடும் என்பதால், கூட்டுவதற்குத்தான் எங்கள் கை பழகியிருக்கும். நீங்கள் கேட்பது அதற்கு நேர்மாறான வித்தை. இருந்தாலும் சொல்கிறேன்.

இரவில் கெட்டதற்குக் காரணம் உங்கள் கருவிகள் அல்ல. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே போகப்போகக் குளிர்ச்சியாகவும் இருப்பதால், ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்தில் போய்விடுகிறது. காற்றடங்கிய தெளிவான இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, கீழே குளிர்காற்றும் மேலே சூடான காற்றுமாக மாறும்போது, அதே ஒலி கீழ்நோக்கி வளைந்து தரைக்கே திரும்புகிறது. அடுத்த ஊர்க் கோயில் மேளம் பகலில் கேட்காமல் இரவில் மட்டும் நம் வீட்டு வாசலுக்கு வருவது இதனால்தான். ஆகவே பகல் சோதனையை இனி நம்ப வேண்டாம்; எந்த மணிக்கு நடையோ அந்த மணிக்குத்தான் சோதனை.

அடிப்படைத் தவறு, ஓர் இடத்துக்கு ஒரு பெரிய பெட்டி என்று வைத்ததுதான் என்று நினைக்கிறேன். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். இரண்டு மீட்டரில் 65 டெசிபெல் இருந்தால் நான்கு மீட்டரில் 59, எட்டில் 53, பதினாறில் 47, முப்பத்திரண்டில் 41. தவளையும் சுவர்க்கோழியும் கத்தும் தோட்டத்தில் 41 டெசிபெல் என்பது இருந்தும் இல்லாததுபோல. அதாவது, ஒலி காதுக்குப் பக்கத்தில் பிறக்குமானால் மெதுவாகப் பிறந்தாலே போதும். மெதுவாகப் பிறந்தது 80 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த இடத்துக்குப் போய்ச் சேராது. ஒரு பெரிய பெட்டியை எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவு பெட்டிகள் ஆறோ எட்டோ, பாதை ஓரத்திலேயே, இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். தாலாட்டுக்கு இரண்டே போதும். மக்கள் நின்று குனிந்து கேட்கட்டுமே.

தப்பு வேறு கதை. தாழ்ந்த சுரங்கள் எந்தப் பக்கம் பெட்டியைத் திருப்பினாலும் எல்லாப் பக்கமும் பரவும். மரமும் இலையும் அவற்றைத் தடுக்காது. கலவைப்பலகையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் தப்பின் அதிர்வு கொஞ்சம் போகும், குச்சியின் சுள்ளென்ற அடி மிஞ்சும். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. தப்பு உங்களுக்கு ஓடையருகில்தான் வருகிறது என்பதால், பெட்டிகளைப் பாதைக்கு முதுகு காட்டி, ஓடையைப் பார்த்து வையுங்கள். தண்ணீரின் இரைச்சல் மிச்சத்தை மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. இரவுப் பூச்சிகளின் இரைச்சல் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. பாட்டியின் குரலில் உள்ள கனம் அதற்குக் கீழே இருக்கிறது. பூச்சிகளோடு போட்டி போட வேண்டிய அவசியமே இல்லை. அவை மேல்தளத்தில் குடியிருக்க, பாட்டி கீழ்த்தளத்தில் பாடிக்கொண்டிருக்கலாம்.

ஒரே ஒலிப்பதிவைப் பாதை நெடுக ஓடவிடும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் ஓடுகிறது. ஒரு பெட்டியின் அருகில் நிற்பவருக்கு 35 மீட்டர் தள்ளியுள்ள பெட்டியின் ஒலி பத்தில் ஒரு நொடி பிந்தி வந்து, எதிரொலிபோல் சொற்களைக் குழப்பும்.


மின்கம்பி எழுதியது:

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதையோரம் 230 வோல்ட் கம்பியே வரக்கூடாது. நுழைவாயிலில் ஒரு மின்பலகை, அதில் மின்சாரம் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே இணைப்பைத் தானாக வெட்டிவிடும் கசிவுத் துண்டிப்பி. அங்கேயே மின்மாற்றி வைத்து 24 வோல்ட்டாக இறக்கி அனுப்புங்கள். 12 வோல்ட் விலை குறைவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 80 மீட்டர் போய்த் திரும்பினால் மின்தடை ஏறக்குறைய 1.1 ஓம். 24 வாட் சுமைக்கு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடும், 2.2 வோல்ட் வழியிலேயே தொலையும், விளக்கு மங்கும். 24 வோல்ட்டில் 1 ஆம்பியர்தான், தொலைவது 1.1 வோல்ட். இது ஓர் இடத்துக்கு உரிய கணக்கு. கடைக்கோடி இடத்துக்கு இன்னும் தடித்த கம்பி வேண்டும்.

இணைப்புப் பெட்டிகள் தூசியும் நீரும் புகாத ஐபி67 தரமாக இருந்தாலும் தரையில் வைக்க வேண்டாம், மரத்தில் கட்டுங்கள். கம்பி கீழிருந்து பெட்டிக்குள் ஏறட்டும். மழையைவிட எனக்கு அதிகம் தொல்லை தந்தது எறும்புதான். கதகதப்பாக இருக்கும் எந்தப் பெட்டியையும் அது ஒரே வாரத்தில் வீடாக்கிக்கொள்ளும். குரங்குகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தொங்கும் கம்பி எதுவாக இருந்தாலும் அவற்றுக்கு ஊஞ்சல்.


ஜாதிக்காய் எழுதியது:

அன்புடையீர், நான் பாலிக் புலாவ்காரன். பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் டுரியான் மரங்கள் உண்டு. விளக்கில் பிரச்சினை இருக்காது என்று ஒரு வரியில் நீங்கள் தாண்டிச் சென்ற இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பினாங்கில் டுரியான் பெரும்பாலும் பூப்பது எப்போது? ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரம் மழையில்லாமல் காய்ந்த பிறகு, பிப்ரவரி மார்ச் வாக்கில். அப்போது பூத்தால்தான் ஜூன் மாதத்தில் பழம் விழும். நீங்கள் எந்த வறட்சியை நம்பி நாள் குறித்தீர்களோ, அதே வறட்சிதான் மரத்துக்குப் பூக்கும்படி சொல்கிறது. ஆகவே இது தற்செயலான மோதல் அல்ல. நல்ல வெயிலாக அமைந்து உங்கள் நடை சிறக்கச் சிறக்க, மோதலும் உறுதியாகும்.

பூ பிற்பகலில் விரியத் தொடங்கும். இரவில் தேன் சுரந்து, விடிவதற்குள் இதழும் மகரந்தம் தாங்கும் கேசரமும் உதிர்ந்துவிடும். ஒரு பூவுக்குக் கிடைப்பது ஒரே இரவு. பல டுரியான் வகைகள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. வேறு மரத்து மகரந்தம் வந்தாக வேண்டும். அதை இருட்டில் சுமந்து வருபவற்றில் முக்கியமானது குகைகளில் தங்கும் தேனுண்ணி வௌவால். அது ஒவ்வோர் இரவும் பல கிலோமீட்டர் பறந்து வந்து மரம் மரமாக நக்கிவிட்டுப் போகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: டுரியான் பூ கிளை நுனியில் பூப்பதில்லை, தடித்த கிளைகளின் அடிப்புறத்தில் கொத்தாகத் தொங்கும். தரையிலிருந்து மேல்நோக்கி விளக்கைப் பாய்ச்சினால் ஒளி நேராகப் போய் விழுவது பூங்கொத்தின் மேல்தான்.

இந்த வௌவாலைத்தான் சோதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடு அமெரிக்காவில் பழம் தின்னும் ஒரு வௌவால் இனத்தைக் கொண்டு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், விளக்கு எரிந்த பக்கத்துக்கு அவை குறைவாகவே வந்தன. அங்கிருந்த பழத்தையும் குறைவாகவே தின்றன. பத்து இரவு நடைக்காகத் தோட்டக்காரர் ஓர் ஆண்டு விளைச்சலைப் பந்தயம் வைப்பாரா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டிருந்தால், பெரும்பாலும் நீங்கள் எந்த மரத்தை எந்தக் கோணத்தில் விளக்கேற்றப்போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

பூச்சிகளையும் சொல்ல வேண்டும். பூச்சி விளக்கைத் தேடி வருவதாகத்தான் நாம் பேசி வந்தோம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அவை பறக்கும்போது முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்வதைப் படம்பிடித்துக் காட்டியது. இயற்கையில் இரவிலும் வெளிச்சம் உள்ள பக்கம் வானம்தான். அதற்கு முதுகைக் காட்டிப் பறந்தால் நிமிர்ந்து பறக்கலாம். நம் விளக்குக்கு முதுகைக் காட்டும்போது திசை கெட்டு, அதையே சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோகிறது. வெள்ளை எல்இடியில் நீல ஒளி கணிசமாக இருக்கும். பூச்சிகளை மிகுதியாக இழுப்பது நீலமும் புற ஊதாவும்தான். ஆகவே மஞ்சளும் செம்மஞ்சளும் வைத்துக்கொண்டு, நீலம், ஊதா, பளிச்சென்ற வெள்ளை ஆகியவற்றை அறவே விட்டுவிடுங்கள். எல்லா விளக்கும் கணுக்கால் உயரத்தில், தரையைப் பார்த்து.

ரப்பர்ப் பாதியில் என் மனம் அவ்வளவு பதறவில்லை. பிப்ரவரியில் இங்கே ரப்பர் இலையுதிர்க்கும். தலைக்குமேல் வெறும் கிளைகளும் நிலவும்தான் இருக்கும். காலடியில் சருகு நொறுங்கும் சத்தம் எந்த ஒலிபெருக்கிக்கும் கடன்பட்டதல்ல. ஆனால் அதே சருகு தீக்குச்சிக்கும் காத்திருக்கும் என்பதால், தீப்பந்தம், அகல்விளக்கு என்று யாராவது ஆசைப்பட்டால் மறுத்துவிடுங்கள்.


ஆயர்ஈத்தாம்வாசி எழுதியது:

வணக்கம். எனக்கு ஒலியும் தெரியாது, வௌவாலும் தெரியாது. என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் சொல்லப்போவது அவரோடு சென்ற ஆண்டு கோலாலம்பூரில் ஒரு தோட்டத்தில் இத்தகைய இரவு நடைக்குப் போய்வந்த கதை. தோட்டத்தின் பெயர் வேண்டாம்; நடத்தியவர்களுக்கும் நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும்.

முதல் மண்டபத்தில் வெள்ளையும் நீலமுமாக ஒளி வெடித்தது. அதைவிட்டு வெளியே வந்ததும் இருட்டுப் பாதை, இரண்டு படி. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. முதல் படி அவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. நல்லவேளை என் தோளைப் பிடித்துக்கொண்டார். மங்கலில் பார்ப்பதற்குக் கண் முழுமையாகப் பழக ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும் என்பதும், அப்படிப் பழகியதைப் பளிச்சென்ற ஒரே ஒளி சில நொடியில் கலைத்துவிடும் என்பதும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அங்கே ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் ஒருமுறை அப்படிக் கலைத்துக்கொண்டே இருந்தார்கள். அது போதாதென்று ஜெனரேட்டரின் உறுமல் வேறு. திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "இவங்களுக்கு இருட்டுன்னா பயமாடா? நாங்க இருட்டுலதானே பொழச்சோம்."

அவர் சொன்னதில் மிகையில்லை. குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகமாக இருக்கும், வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால், விடியுமுன்பே மரத்தடியில் நிற்க வேண்டும். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மாவின் நெற்றியில் கார்பைட் விளக்கு இருந்ததாம். அந்த வெளிச்சம் ஒரு மரத்துக்குத்தான் போதும். அடுத்த மரம் இருப்பது, அதன் அருகில் போன பிறகுதான் தெரியும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: மரத்துக்கு விளக்கு வைக்காதீர்கள், வருகிறவர் கையில் விளக்கைக் கொடுங்கள். மங்கலான செம்மஞ்சள் கைவிளக்கு, ஆளுக்கு ஒன்று. நெற்றியில் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் திரும்பிப் பேசும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் கண்ணில் அடிக்கும், ஆகவே கையிலேயே இருக்கட்டும். அவர்கள் எந்த மரத்தின் அருகில் போகிறார்களோ அந்த மரம் மட்டும் தெரியட்டும். தடி ஊன்றி வருகிறவர்களுக்குப் படியின் விளிம்பில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் போதும்.


மலைச்சாரல் எழுதியது:

மறுமொழி எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஜாதிக்காய் ஐயாவின் மடலைப் படித்த அன்றே தோட்டக்காரரிடம் போனேன். ஐயா ஊகித்தது சரி. விளக்குக் கோணம் பற்றி நாங்கள் அவரிடம் பேசியதே இல்லை. அவர் கோபப்படவில்லை, ஆனால் வெகுநேரம் பேசாமல் மரங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது.

தேதியை மாற்றலாமா என்று யோசித்தோம். ஏப்ரலுக்குத் தள்ளினால் மாலை இடிமழை, ஜூனில் பழம் தலையில் விழும். ஆகவே பாதையைச் சுருக்கிவிட்டோம். ஐந்து இடங்களும் ரப்பர்ப் பாதியின் 200 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். டுரியான் பக்கம் கயிறு கட்டி மூடிவிடுகிறோம், அங்கே ஒலியும் இல்லை, விளக்கும் இல்லை, ஆளும் இல்லை. இதனால் ஓடை எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. ஓடையில்லாமல் தப்பை மூடி வைக்க வழியில்லை என்பதால், தப்பையும் விட்டுவிட்டோம். எங்களுக்குள் இதில் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. தப்பு இல்லாமல் தோட்டத்து வாழ்க்கை எப்படி முழுமையாகும் என்று ஒருவர் கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஐந்தாம் இடத்தில் இப்போதைக்கு ஒன்றுமே வைக்கவில்லை, உட்கார ஒரு மரப்பலகை மட்டும்.

இடங்களுக்கு இடையே இப்போது 40 மீட்டர்தான் என்பதால், குழாய்ஒலி அண்ணன் சொன்ன கணக்கு இன்னும் கறாராகத் தேவைப்படுகிறது. நேற்று இரவு சிறிய பெட்டிகள் இரண்டை வைத்துத் தாலாட்டை மட்டும் சோதித்தோம். பிப்ரவரியில் இங்கே சூரியன் மறையவே 7.35 ஆகும் என்பதால், சில்வண்டுகளின் அந்திக் கச்சேரி ஓய்ந்த பிறகு, எட்டரைக்குத் தொடங்கினால் போதும் என்று முடிவு செய்தோம். பத்தடி தள்ளி நின்றால் பாடுவது தெரிகிறது, சொல் தெரியவில்லை. நாலடிக்கு வந்தால் பாட்டி மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. கம்பத்திலிருந்து யாரும் வரவில்லை.

மங்கில் பால் சொட்டும் ஓசைதான் சரியாக அமையவில்லை. பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பதிவு செய்தோம். பாலின் ஓசை அப்படி இல்லை என்று தாலாட்டுப் பாடிய பாட்டியே சொல்லிவிட்டார்.


ஆயர்ஈத்தாம்வாசி எழுதியது:

தண்ணீர் கணீரென்று விழும். பால் தடித்தது, அடியில் கொஞ்சம் நிரம்பிய பிறகு ஓசையே மாறிவிடும். மேலும், கிண்ணம் மரத்தில் கம்பியில் மாட்டியிருக்க வேண்டும், மேசையில் வைத்தால் வராது. அம்மாவிடம் பழைய மங்கு இரண்டு இருக்கிறது. ஒன்றின் விளிம்பு உடைந்தது. வீட்டில் அவற்றில்தான் ஊசிமிளகாய்ச் செடிக்கு விதை போட்டு வைத்திருக்கிறார். கழுவி எடுத்து வருகிறேன், அவரையும் அழைத்து வருகிறேன். அடுத்த சோதனை எந்தக் கிழமை?